பதின்ம வயதுப் பிள்ளைக்கு எந்த எலெக்ட்ரிக் பிரஷ்?

பல் டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் பிடித்துக்கொண்டு, "இங்க பாருங்க சார்" என்றார். மகளின் மேல்வரிசையில் இரண்டு பற்களில், கிளிப்பின் உலோகத் துண்டுக்கும் ஈறுக்கும் நடுவே, சுண்ணாம்பைத் தொட்டு வைத்தது போல வெள்ளைத் திட்டு. கிளிப் போட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"இது அழுக்கு இல்ல சார், தேய்ச்சாப் போகாது. எனாமல்ல இருக்கிற கால்சியம் கரைய ஆரம்பிச்சிருக்கு. இதே மாதிரி போச்சுன்னா, பல்லு வரிசைக்கு வர்றதுக்கு முன்னாடியே கிளிப்பைக் கழட்ட வேண்டியிருக்கும். ஒரு எலெக்ட்ரிக் பிரஷ் வாங்கிக் கொடுத்துப் பாருங்க."

எந்த பிரஷ் என்று அவர் சொல்லவில்லை. என்னிடம் விட்டுவிட்டார். அதுதான் தப்பு. வேலையில் ஒரு சர்வர் வாங்குவதென்றாலே எக்செல் திறக்கிற ஆள் நான். அன்று இரவே ஒரு ஷீட் போட்டேன். 19 மாடல், 14 காலம். நிமிடத்துக்கு எத்தனை அதிர்வு, எத்தனை மோடு, பேட்டரி எத்தனை நாள், ப்ளூடூத் உண்டா இல்லையா... இரண்டு வார இறுதிகள் போயின. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, லேப்டாப் வாங்கும்போதுகூட நீங்க இவ்ளோ பண்ணல" என்றாள்.

இப்போது எட்டு மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அந்த 14 காலங்களில் நான்குதான் உருப்படியானவை. முக்கியமான ஒன்று ஷீட்டிலேயே இல்லை. அதே நிலையில் இருக்கும் அப்பா அம்மாக்களுக்காக இந்தக் குறிப்பு. நான் பல் மருத்துவன் இல்லை; படித்ததையும் வீட்டில் அளந்து பார்த்ததையும் எழுதுகிறேன். உங்கள் பிள்ளையின் வாயைப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இந்த வயதில் என்ன விசேஷம்?

முதலில் பல்லில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் பல்மேல் படிந்திருக்கும் பாக்டீரியாக்களும் சாப்பிடுகின்றன. சாப்பிட்டு அமிலத்தை விடுகின்றன. பல்லின் மேற்பரப்பில் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். 1940-களில் ஸ்டீபன் என்பவர் இதை அளந்து வரைபடமாகப் போட்டார்: இனிப்பு பட்ட சில நிமிடங்களில் பி.எச். சரேலென்று இறங்கும், எச்சில் அதை மெதுவாகத் தூக்கி நிறுத்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். எச்சில் கரைந்துபோனதில் கொஞ்சத்தைத் திருப்பியும் கொடுக்கும். ஃபுளோரைடு அந்தத் திருப்பிக் கொடுக்கும் வேலைக்கு உதவுகிறது. வரவு செலவுக் கணக்கு மாதிரிதான். செலவு தொடர்ந்து அதிகமானால் முதலில் வெள்ளைத் திட்டு, அப்புறம் சொத்தை. வெள்ளைத் திட்டு நிலையில் நிறுத்திவிடலாம், ஓரளவு சரியாகவும் வாய்ப்புண்டு. குழி விழுந்தால் டாக்டர் அடைக்கத்தான் வேண்டும்.

பதின்ம வயதில் இந்தக் கணக்கு நான்கு பக்கமும் இடிக்கிறது.

ஒன்று, 11 முதல் 13 வயதுக்குள் இரண்டாவது கடைவாய்ப் பல் முளைக்கிறது. புதிதாக முளைத்த எனாமல் இன்னும் முழுதாகக் கெட்டிப்பட்டிருக்காது. பிரஷ் எட்டாத கடைசி இடமும் அதுதான். இரண்டு, பருவ வயதின் ஹார்மோன்களால் அதே அளவு அழுக்குக்கே ஈறு அதிகமாக வீங்கும், ரத்தம் வரும். மூன்று, டியூஷனுக்குப் போகிற வழியில் பஃப்ஸ், ஜூஸ், சாக்லேட். நாளைக்கு எத்தனை முறை பி.எச். இறங்குகிறது என்று நமக்கே தெரியாது. நான்கு, அஞ்சு வயதில் பக்கத்தில் நின்று பல் தேய்த்துவிட்ட நாம், பதிமூன்று வயதில் குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்கிறோம்.

இதோடு கிளிப்பும் சேர்ந்தால், ஒவ்வொரு பல்லிலும் அழுக்கு ஒளிய ஒரு திண்ணை கட்டிக் கொடுத்த மாதிரி.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்கள்

எலெக்ட்ரிக் பிரஷ் புது சமாச்சாரம் இல்லை. 1954-இல் சுவிட்சர்லாந்தில் ஃபிலிப்-கை வூக் என்பவர் புரோக்ஸோடென்ட் என்ற பிரஷ்ஷைக் கொண்டுவந்தார். சுவர் பிளக்கில் செருகி ஒயரோடு தேய்க்க வேண்டும். அது யாருக்காக என்பதுதான் எனக்குச் சுவாரசியம்: கையைச் சரியாக அசைக்க முடியாதவர்களுக்கும், பல்லுக்குக் கிளிப் போட்டவர்களுக்கும். ஆக, டாக்டர் சொன்னது புது ஃபேஷன் இல்லை. அந்தப் பொருள் பிறந்த காரணமே அதுதான். 1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஒயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றும் பிரஷ்ஷை விற்றது.

இன்று கடையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை.

முதல் வகையில் சின்ன வட்டத் தலை. முழுச் சுற்று சுற்றாது. கதவுக் குமிழைத் திருகுவது போல இடமும் வலமுமாக ஆடும். நிமிடத்துக்கு 7,600, 8,800 என்றெல்லாம் பெட்டியில் போட்டிருக்கும். உள்ளே ஒரு மோட்டார், அதன் சுழற்சியை ஆட்டமாக மாற்றும் சின்னப் பல்சக்கர அமைப்பு. ஓரல்-பி பெரும்பாலும் இந்த வகையால்தான் பெயர் வாங்கியது.

இரண்டாவது 'சோனிக்' வகை. தலை சாதாரண பிரஷ் மாதிரி நீளமாக இருக்கும்; பக்கவாட்டில் மிக வேகமாக அதிரும். வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவரும் ஒரு தொழில்முனைவோரும் சேர்ந்து உருவாக்கி, 1992-இல் சோனிகேர் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது இந்த வகையில் புகழ்பெற்றது. நிமிடத்துக்கு 31,000 என்பார்கள்.

இந்த 31,000-தான் என்னை ரொம்ப நாள் ஏமாற்றியது. 8,800-ஐ விட 31,000 பெரிது, ஆக மூன்றரை மடங்கு நல்லது என்று ஷீட்டில் மதிப்பெண் போட்டு வைத்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: ஒன்று அகலமாக ஆடுவது, இன்னொன்று நூலளவு அதிர்வது. ரயிலில் எத்தனை பெட்டி, பஸ்ஸில் எத்தனை சீட்டு என்று ஒப்பிட்டது போல. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைப்பதற்கே அர்த்தம் இல்லை.

இன்னொன்று. 31,000 என்பது நிமிடக் கணக்கு. போவது ஒன்று, வருவது ஒன்று என்று எண்ணினால் நொடிக்கு சுமார் 260 முழு அசைவு, அதாவது 260 ஹெர்ட்ஸ். வீட்டுக் கீபோர்டின் நடு 'சி' கட்டை சுமார் 262 ஹெர்ட்ஸ். பிரஷ்ஷின் ரீங்காரமும் அந்தக் கட்டையும் ஏறக்குறைய ஒரே சுருதி! 'அல்ட்ராசோனிக்' என்று சொல்ல வேண்டுமானால் நொடிக்கே 20,000-ஐத் தாண்ட வேண்டும். மலிவு பிரஷ்களின் விளம்பரத்தில் அந்தச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. நிமிடத்தையும் நொடியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கோக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் 56 ஆய்வுகள், 5,068 பேர். கை பிரஷ்ஷோடு ஒப்பிடும்போது மின் பிரஷ் பயன்படுத்தியவர்களுக்குப் பல் அழுக்குப் படலம் முதல் மூன்று மாதத்துக்குள் 11 சதவீதமும், மூன்று மாதத்துக்கு மேல் 21 சதவீதமும் குறைவு. ஈறு வீக்கம் 6 சதவீதமும், நாள்பட 11 சதவீதமும் குறைவு. அதிக ஆய்வுகள் நடந்தது இடவலமாக ஆடும் வட்டத் தலை வகையில்.

இதை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். பலன் உண்மை, விளம்பரக் கதை இல்லை. ஆனால் 21 சதவீதம் என்றால் மீதி 79 அங்கேயேதான் இருக்கிறது. மேலும் இவை அழுக்கையும் ஈறையும் அளந்த ஆய்வுகள். சொத்தை இத்தனை குறைந்தது என்று அந்தத் தொகுப்பு சொல்லவில்லை. மின் பிரஷ் கையில் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை.

என் முடிவு: வட்டத் தலையா, சோனிக்கா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். கை பிரஷ்ஷிலிருந்து மின் பிரஷ்ஷுக்கு மாறும்போது வரும் வித்தியாசத்தை விட, ஒழுங்காகத் தேய்ப்பதற்கும் தேய்க்காததற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

வாங்கும் முன்பு பிழையைக் கண்டுபிடியுங்கள்

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பிழை எங்கே என்று தெரியாமல் கோடைத் தொடக்கூடாது. இருபது வருடம் இதை ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த நான், மகள் பல் விஷயத்தில் மறந்துவிட்டேன்.

டாக்டரிடம் கேட்டு, அழுக்கைக் காட்டும் சிவப்புச் சாய மாத்திரை வாங்கி வந்தோம். பல் தேய்த்த பிறகு மென்று, எச்சிலால் வாய் முழுக்கப் பரப்பித் துப்ப வேண்டும். அழுக்கு இருக்கும் இடமெல்லாம் சிவப்பு ஒட்டிக்கொள்ளும். வாய், உதடு எல்லாம் வெற்றிலை போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் சனிக்கிழமை ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளை யூனிஃபார்ம் போடும் காலையில் வேண்டாம்.

முதலில் நான் செய்து காட்டினேன். என் கீழ்வரிசையின் உள்பக்கம் முழுக்கச் சிவப்பு. 45 வயதில் பல் தேய்க்கத் தெரியவில்லை என்று வீட்டில் ஒரே சிரிப்பு. அப்புறம் மகளும் தயங்காமல் வாயைத் திறந்தாள். இந்த வரிசை முக்கியம். முதலில் அவளைச் செய்யச் சொல்லியிருந்தால் அது விசாரணையாகியிருக்கும்.

அவளுக்குச் சிவப்பு மூன்று இடத்தில்: கிளிப்புக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள ஒல்லியான பட்டை, கம்பிக்குக் கீழே பல்லிடுக்கு, கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்புறம். மற்றதெல்லாம் பளிச். அதாவது அவள் தேய்க்கத்தான் செய்கிறாள். "ஒழுங்கா தேய்க்க மாட்டேங்குற" என்று ஆறு மாதமாக நான் சொன்னது தப்பு. பெரிய தலை கொண்ட பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டு, எட்டாத இடத்துக்கு அவளைக் குறை சொல்லியிருக்கிறேன்.

நேரத்தையும் பார்த்தோம். 55 நொடி. வீட்டுக்கு வீடு இதுதான் நிலைமை. என்னுடையதும் அதற்குப் பக்கத்தில்தான்.

ஒரு சின்னக் கணக்கு. ஞானப்பல் இன்னும் வராத வாயில் 28 பல். உள்பக்கம், வெளிப்பக்கம் சேர்த்து 56. மெல்லும் பரப்பு 16. மொத்தம் 72. இரண்டு நிமிடம், அதாவது 120 நொடியைப் பகிர்ந்தால் ஒரு பரப்புக்கு ஒன்றரை நொடிக்குச் சற்று மேல். கிளிப் போட்டால் 24 பல்லில் வெளிப்பக்கம் கம்பிக்கு மேலே, கீழே என்று இரண்டாகப் பிரியும். ஆக 96 பரப்பு. ஒன்றுக்கு இரண்டு நொடி கொடுத்தால் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. 55 நொடியில் ஒரு பரப்புக்கு அரை நொடிதான். எந்த மோட்டார் வந்தாலும் அரை நொடியில் ஒன்றும் கிழிக்க முடியாது.

அந்த நான்கு காலங்கள்

பிழை தெரிந்த பிறகு ஷீட்டைத் திரும்பத் திறந்தேன். மிஞ்சியவை இவைதான்.

1. டைமர். இரண்டு நிமிடத்துக்கு நிற்க வேண்டும். 30 நொடிக்கு ஒரு முறை லேசாக விக்கி, 'அடுத்த பக்கம் போ' என்று சொல்ல வேண்டும். மேல் வலது, மேல் இடது, கீழ் இடது, கீழ் வலது. இது இல்லாத மாடலை அப்படியே அடித்துவிடுங்கள். கிளிப் போட்டவர்கள் இரண்டு நிமிடம் முடிந்ததும் மீண்டும் அழுத்தி, கம்பியை ஒட்டிய பகுதிக்கு இன்னொரு சுற்று போகலாம்.

2. தலை. சிறியதாக, மென்மையான இழைகளோடு இருக்க வேண்டும். 'மீடியம்', 'ஹார்டு' வேண்டாம். பன்னிரண்டு தாண்டிவிட்டால் பெரியவர்களுக்கான பிரஷ்ஷே போதும்; கார்ட்டூன் படம் போட்டது கொடுத்தால் தொடமாட்டார்கள். கிளிப்புக்கென்றே தனித் தலையும் சில கம்பெனிகளில் கிடைக்கிறது.

அதே தலை நம் ஊரில் தொடர்ந்து கிடைக்குமா, என்ன விலை என்பதுதான் நிஜமான செலவு. ஒரு உதாரணம்: பிரஷ் ரூ. 1,800, தலை ஒன்று ரூ. 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தலை என்றால் மூன்று வருடத்தில் 12 தலை, ரூ. 3,600. பிரஷ்ஷைப் போல இரண்டு மடங்கு. கம்பியில் உராய்ந்து இழைகள் சீக்கிரம் விரிந்துவிடுவதால் எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒன்று ஆகிறது. பெயர் தெரியாத மலிவு பிரஷ்ஷில் ஆபத்து இதுதான். அடுத்த வருடம் தலை கிடைக்காவிட்டால் கையில் இருப்பது அதிரும் பேனா. ஒரே கைப்பிடியில் ஆளுக்கொரு தலை மாட்டிக்கொண்டு வீட்டில் இருவர் பயன்படுத்தினால் செலவு குறையும். தலையில் கலர் வளையம் வருவது அதற்காகத்தான்.

3. அழுத்த எச்சரிக்கை. அழுத்தித் தேய்த்தால் விளக்கு எரியும், அல்லது வேகம் குறையும். இது தேவையா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். சமையலறை டிஜிட்டல் தராசில், பல் தேய்ப்பது போலவே பிரஷ்ஷை வைத்து அழுத்திப் பாருங்கள். ஓரல்-பி ஐஓ வரிசையில் 0.8 முதல் 2.5 நியூட்டன் வரை பச்சை விளக்கு. தராசில் அது சுமார் 80 முதல் 250 கிராம். மகள் 320 காட்டினாள். நான் 450. ஈறு ஏன் இறங்கியது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு மாதத்தில் பிரஷ் இழைகள் பூ மாதிரி விரிந்துவிடும் வீடாக இருந்தால் இந்த வசதிக்குக் காசு கொடுக்கலாம். இல்லாவிட்டால், வாரம் ஒரு முறை தராசில் அழுத்திப் பழகினாலே கை கற்றுக்கொள்ளும்.

4. மின்சாரமும் தண்ணீரும். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். அது போதும். லித்தியம் பேட்டரி என்றால் ஒரு சார்ஜில் பெரும்பாலும் இரண்டு வாரம் வரும். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் பேட்டரி மாடலே நிம்மதி. சார்ஜரைத் தொலைக்கும் கவலை இல்லை. நம் குளியலறைகளில் கீசருக்குப் பெரிய பிளக்கைத் தவிர வேறொன்றும் இருக்காது. எங்கே சார்ஜ் போடப்போகிறீர்கள் என்று முதலிலேயே இடம் பாருங்கள்.

இந்த நாலாவதில் நான் ஒரு கூத்து செய்தேன். மச்சினன் இரண்டு வருடம் முன்பு நியூ ஜெர்சியிலிருந்து கொண்டு வந்த ஒரு பிரஷ் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆப், ப்ளூடூத் எல்லாம் உண்டு. "இது இருக்கும்போது எதுக்குப் புதுசு?" என்று அடாப்டர் போட்டுச் செருகினேன். ஒரு மணி நேரத்தில் ஹாலெல்லாம் பிளாஸ்டிக் கருகும் வாடை. சார்ஜரின் அடியில் 120 வோல்ட் என்று பொடி எழுத்தில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. படிக்காதது நான்.

சார்ஜருக்குள் ஒரு கம்பிச்சுருள், பிரஷ்ஷுக்குள் இன்னொன்று. இரண்டாகப் பிளந்த டிரான்ஸ்ஃபார்மர் அது. அதனால்தான் வெளியே உலோக முனை இல்லாமலே சார்ஜ் ஏறுகிறது. 120 வோல்ட்டுக்குச் செய்ததில் நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால் சூடு சுமார் நான்கு மடங்கு. பி.இ. முதல் வருடத்தில் படித்ததுதான். அடாப்டர் பிளக்கின் உருவத்தை மாற்றும், வோல்ட்டை மாற்றாது. வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி வாங்குகிறீர்கள் என்றால், '100–240' என்று போட்டிருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

விட்டுவிடக் கூடியவை

ஐந்து மோடு: மகள் பயன்படுத்துவது இரண்டு, சாதாரணம், மென்மை. ஆப்: புதிதாக வாங்கும் பிள்ளை இரண்டு வாரம் பார்க்கும், அப்புறம் போனைக் குளியலறைக்குள் கொண்டுபோக அது ஒரு சாக்கு. புற ஊதா விளக்குப் பெட்டி: தலையைக் கழற்றிக் கழுவி, நிமிர்த்தி வைத்துக் காயவிட்டால் போதும். வாரம் ஒருமுறை தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவே பாருங்கள். பேஸ்ட்டும் உப்புத்தண்ணீரும் சேர்ந்து கறுப்பாக ஒரு சேறு இருக்கும்.

தேய்க்கும் முறை

மின் பிரஷ்ஷைக் கை பிரஷ் மாதிரி முன்னும் பின்னும் இழுக்கக்கூடாது. ஆட்டுவது அதன் வேலை, சரியான இடத்தில் வைப்பதுதான் நம் வேலை. ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வைத்து, இரண்டு நொடி நிறுத்தி, அடுத்த பல்லுக்கு நகர்த்த வேண்டும். கிளிப் இருந்தால் கம்பிக்கு மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை. கம்பிக்கு அடியில் பல்லிடுக்கைச் சுத்தம் செய்ய சின்ன பாட்டில் பிரஷ் மாதிரி ஒன்று மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. மின் பிரஷ் அந்த வேலையைச் செய்யாது. வாய்க்குள் வைத்த பிறகு சுவிட்சைப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்கப் பேஸ்ட் கோலம். கடைசியில் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டு விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் கூடவே போய்விடும்.

முதல் நான்கைந்து நாள் கூசும், மூக்கு வரை அதிர்கிற மாதிரி இருக்கும். மென்மை மோடில் ஆரம்பியுங்கள்.

ஷீட்டில் இல்லாத காலம்

கடைசியாக ரூ. 2,000-க்குள் ஒரு சாதாரண வட்டத் தலை பிரஷ் வாங்கினோம். மூன்று வாரம் கழித்து மறுபடி சிவப்பு மாத்திரை. கம்பிக்கு மேலே நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் டைமர் பழகிவிட்டது, இடம் தெரிந்துவிட்டது, அப்புறமும் ஏன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது?

சார்ஜ்தான் காட்டிக்கொடுத்தது. நாளைக்கு இரண்டு முறை தேய்த்தால் எட்டு நாள் வரும் என்று போட்டிருந்த பேட்டரி, பதினாலு நாள் ஓடியது. கணக்கு எளிது. ராத்திரி பிரஷ் ஓடவில்லை.

கோபம்தான் முதலில் வந்தது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது ரொம்பக் குறைந்துவிடும். அமிலத்தைக் கழுவ ஆள் இல்லாத அந்த ஏழெட்டு மணி நேரம்தான் ஆபத்தானது, இரண்டில் ஒன்றை விடுவதென்றால் காலையை விட்டாலும் ராத்திரியை விடக்கூடாது. இதையெல்லாம் லெக்சராகக் கொடுக்கத் தயாராகப் போனேன். நல்லவேளை, அதற்கு முன் "ஏம்மா ராத்திரி தேய்க்கிறதில்ல?" என்று மட்டும் கேட்டேன்.

"வலிக்குதுப்பா."

மாதம் ஒரு முறை கம்பியை முறுக்கிவிட்டு வரும் நாளிலிருந்து நாலைந்து நாள், சாயங்காலமானால் பல் எல்லாம் விண்விண்ணென்று வலிக்குமாம். அந்த நாட்களில் விட ஆரம்பித்தது, அப்படியே பழக்கமாகிவிட்டது. ஏன் சொல்லவில்லை என்றால், "சொன்னா நீங்க ஒழுங்கா தேய்க்கலன்னுதானே சொல்வீங்க" என்றாள். பதில் சொல்ல ஒன்றும் இல்லை. 14 காலம் போட்டவன் அந்த ஒரு கேள்வியை எட்டு வாரமாகக் கேட்கவில்லை.

டாக்டரிடம் சொன்னோம். முறுக்கிய நாட்களில் மின் பிரஷ்ஷை வைத்துவிட்டு, ரொம்ப மென்மையான கை பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தாலும் போதும், விடத்தான் கூடாது என்றார். கூடவே நேரத்தையும் மாற்றினோம். பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இல்லை; சாப்பிட்டு முடித்து, படிக்க உட்காரும் முன், ஒன்பதரைக்கு. நானும் அதே நேரம், அதே கண்ணாடி முன். அவள் பிரஷ் விக்கும்போது நானும் பக்கம் மாற்றுகிறேன். பேச முடியாத மூன்று நிமிடம் அது. ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்பதரைக்கு மேல் தண்ணீர் தவிர எதுவும் கிடையாது என்பதில் எனக்குத்தான் கஷ்டம். என் பத்தரை மணி முறுக்கு நின்றுபோனது.

போன மாதச் செக்கப்பில் புதுத் திட்டு எதுவும் இல்லை. பழைய இரண்டும் அப்படியே இருக்கின்றன. கிளிப்பைக் கழற்றிய பிறகுதான் என்ன செய்யலாம் என்று பார்ப்பாராம். முழுதாகப் போகாமலும் இருக்கலாம் என்று அவளிடமே சொல்லிவிட்டார்.

ஆக, வாங்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: முதலில் சிவப்பு மாத்திரை, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நேரத்தை அளங்கள். ராத்திரி தேய்க்கிறார்களா, இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். பதிலுக்கு ஏற்றபடி டைமர், சிறிய மென்மையான தலை, ஊரில் கிடைக்கும் மாற்றுத் தலை, 230 வோல்ட் ஆகிய நாலும் இருக்கும் மாடல்களில் விலை குறைந்ததை எடுங்கள். பட்ஜெட் இடிக்கிறதென்றால் வருத்தமே வேண்டாம். 40 ரூபாய் மென்மை பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட், போனில் மூன்று நிமிட அலாரம், பக்கத்தில் கூட நின்று தேய்க்க ஒரு ஆள். இந்த நாலும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரிதான்.